பள்ளியின் தேர்வடம் யார் கையில்?

உபாத்தியாயரின் தலைமையைக் குறித்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளன்று ஐந்து தேர்கள் மாட வீதிகளில் வலம் வருவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். விநாயகர் தேரும் முருகப் பெருமான் தேரும் முன்னே செல்ல, அண்ணாமலையார் எழுந்தருளிய பெரிய தேர் அவற்றைத் தொடரும். அம்மன் தேரைப் பெண்களே இழுப்பது வழக்கம். சண்டிகேசுவரர் தேரின் வடத்தைப் பிடிக்கும் உரிமை சிறுவர்களுக்கு உரியது.

எத்தனை ஆயிரம் கைகள் வடத்தைப் பற்றி இழுத்தாலும் பெரிய தேர் தானாக வீதி மூலையில் திரும்பிவிடாது. சக்கரத்தின் ஓரமாகக் குனிந்து நடந்து, வேண்டிய சமயத்தில் முட்டுக்கட்டையைச் செருகி, வேண்டாத சமயத்தில் அதை உருவிக்கொள்ளும் சிலர் இருக்கின்றனர். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்று பொருள். தேரடியிலோ அதுவே வழிகாட்டி. அதைப் பிடித்திருப்பவர் தேரை இழுப்பதில்லை. இழுப்போரின் பலம் வீணாகாமல் அதற்குத் திசை கொடுக்கிறார்.

தலைமை என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேடிப் போக வேண்டியதில்லை. நமது கிராமப் பள்ளிக்கூடங்களில் இத்தகைய தலைமை இருக்கிறதா, அதில் நமது பங்கு என்ன என்பவற்றை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

சங்கத்துக்கும் பள்ளிக்கும் என்ன சம்பந்தம்?

“கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் உரம் விற்பதும் சங்கத்தின் வேலை, பள்ளியைக் கவனிக்க உபாத்தியாயர் இருக்கிறார்” என்று சிலர் கருதலாம். அது சரியன்று. 1844-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் சேர்ந்து ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்குள் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கலாயினர். வாசிக்கத் தெரியாத அங்கத்தினர் தம் கணக்கைத் தாமே சரிபார்க்க இயலாது. கணக்கைச் சரிபார்க்க இயலாதவருடைய வாக்குரிமை பெயரளவில்தான் நிற்கும். இந்த உண்மையை அவர்கள் ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தனர்.

நமது நாட்டில் 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றிய காலந்தொட்டு நாமும் இவ்வுண்மையை அனுபவத்தில் கண்டு வந்திருக்கிறோம். இன்று பள்ளியில் எழுத்துக் கூட்டும் பிள்ளை நாளை நமது சங்கத்தின் மகாசபையில் கை தூக்கப் போகும் அங்கத்தினர். அப்பிள்ளை கேள்வி கேட்கவும் பிறருடன் கலந்து முடிவு செய்யவும் கற்பதா, அல்லது அஞ்சி அடங்கி ஆமோதிக்க மட்டும் கற்பதா என்பது பெரும்பாலும் வகுப்பறையிலேயே தீர்மானமாகிறது.

மகா புருஷரை எதிர்பார்ப்பது

தலைமையைப் பற்றிய கொள்கைகளில் பழமையானது, தலைவர்கள் பிறக்கிறார்கள், ஆக்கப்படுவதில்லை என்பது. உலக சரித்திரம் பெரும்பாலும் மகா புருஷர்களின் சரித்திரமே என்னும் கருத்தை 1841-ல் தாமஸ் கார்லைல் என்ற ஸ்காத்லாந்து ஆசிரியர் நூலாக வெளியிட்டார். நமது கிராமங்களில் அந்த நூலை வாசித்தவர் அரியர். அதன் கொள்கையை நம்பாதவரோ அதனினும் அரியர். “நல்ல தலைமை உபாத்தியாயர் ஒருவர் வந்தால் பள்ளி உருப்படும்” என்று நாம் சொல்வதெல்லாம் அக்கொள்கைதான்.

இதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. ஊக்கமுள்ள ஒருவர் வந்து சேர்ந்ததும் சுவர் வெளுக்கப்படுகிறது, மரக்கன்று நடப்படுகிறது, பிள்ளைகளின் தொகை பெருகுகிறது. ஊரார் அவரைக் கொண்டாடுகின்றனர். பிறகு ஒரு நாள் அவருக்கு இடமாற்ற உத்தரவு வருகிறது. மாலை மரியாதையுடன் வழியனுப்பிவிட்டுத் திரும்புகிறோம். இரண்டு வருஷத்தில் மரக்கன்றுகள் காய்ந்து, வருகைப் பதிவேட்டில் வெற்றிடங்கள் மிகுந்து, பள்ளி பழைய நிலையை அடைகிறது. காரியதரிசி ஒருவரையே நம்பி நடந்த சங்கம் அவர் விலகியதும் படுத்துவிடுவதை நாம் அறிவோம். இரண்டுக்கும் நோய் ஒன்றே. நல்ல மனிதர் கிடைத்தது குற்றமன்று. அவர் செய்த வேலையைச் செய்ய வேறெவரும் பழகாமற் போனதே குற்றம்.

மூன்று வகைத் தலைமை

1938, 1939-ஆம் வருஷங்களில் அமெரிக்காவில் ஐயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த குழந்தை நல ஆராய்ச்சி நிலையத்தில் குர்ட் லெவின் என்ற மனோதத்துவ பண்டிதரும் அவருடைய சகாக்களான லிப்பிட், ஒயிட் என்பவர்களும் ஒரு சோதனை நடத்தினர். பத்து, பதினொரு வயதுச் சிறுவர்களை ஐவர் ஐவராகச் சேர்த்துப் பள்ளி நேரத்துக்குப் பின் கைவேலைக் குழுக்களாக அமைத்தனர். குழு ஒவ்வொன்றுக்கும் வயது வந்த ஒருவர் தலைவர். முகமூடி செய்தல் போன்ற வேலைகள் அவர்களுக்குத் தரப்பட்டன. சில வாரங்களுக்கு ஒருமுறை தலைவரும் தலைமையின் வகையும் மாற்றப்பட்டன.

முதல் வகைத் தலைவர் எல்லாவற்றையும் தாமே தீர்மானித்தார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக்கூட முன்கூட்டிச் சொல்லாமல், ஒவ்வொரு படியாகக் கட்டளையிட்டார். இதை அதிகாரத் தலைமை என்போம். இரண்டாம் வகையினர் காரியத்தின் முழு உருவத்தையும் சிறுவர்களுக்கு விளக்கி, வேலைப் பங்கீட்டை அவர்களே கலந்து பேசி முடிவு செய்யும்படி விட்டு, வேண்டியபோது யோசனை கூறினார். இது ஜனநாயகத் தலைமை. மூன்றாம் வகையினர் சாமான்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கேட்டால் பதில், கேளாவிட்டால் மௌனம். இதைக் கைவிட்ட தலைமை என்று கூறலாம்.

அதிகாரத் தலைமையின்கீழ் சில குழுக்களில் சிறுவர்கள் உற்சாகமற்று அடங்கிக் கிடந்தனர்; வேறு சிலவற்றில் ஒருவரோடொருவர் சச்சரவிட்டு, தங்களில் எளியவன் ஒருவனைப் பிடித்து வாட்டினர். வேலையின் அளவு மட்டும் குறையவில்லை. அதிகாரத்தின்கீழ் சற்று மிகுதியாகவே நடந்தது. ஜனநாயகத் தலைமையில் சுய யோசனையும் ஒற்றுமையும் தோன்றின. கைவிட்ட தலைமையில் வேலையும் குறைவு, தரமும் குறைவு. கலந்துகொண்ட இருபது சிறுவர்களில் பத்தொன்பது பேர் அதிகாரத் தலைவரைவிட ஜனநாயகத் தலைவரையே விரும்பினர்.

ஆனால் நாம் மனத்தில் இருத்த வேண்டிய விஷயம் வேறொன்று. தலைவர் சிறிது நேரம் அறையை விட்டு வெளியே சென்றபோது என்ன நடந்தது? அதிகாரத் தலைவரின் குழுவில் வேலை பெரிதும் குறைந்துவிட்டது. ஜனநாயகத் தலைவரின் குழுவிலோ வேலை ஏறக்குறைய முன்போலவே நடந்துகொண்டிருந்தது.

இச்சோதனை ஒரு தேசத்தில், ஒரு சில சிறுவர்களிடையே நடந்தது. ஆகையால் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் அது தந்த பரீட்சை எளியது; எந்தப் பள்ளிக்கும் எந்தச் சங்கத்துக்கும் பொருந்துவது. தலைவர் வெளியே போனால் வேலை நடக்கிறதா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நமது பள்ளியை நாமே அளந்து பார்க்கலாம்.

ஒரு திருஷ்டாந்தம்

கொள்கையைக் கேட்பதைவிடக் காரியத்தில் பார்ப்பது மேல். திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மல்லாட்டை பிடுங்கும் பருவம். ஐந்தாம் வகுப்பில் முப்பது பிள்ளைகளில் பன்னிரண்டு பேர் ஒரு வாரமாக வரவில்லை.

அதிகாரத் தலைமை உபாத்தியாயர் பிள்ளைகளின் பெயர்களை உரக்கப் படித்து, மறுநாள் வராதவர்களை வெளியே நிறுத்துவதாக எச்சரிக்கிறார். பயந்த நால்வர் வருகின்றனர். மற்ற எண்மர் வெட்கத்தாலும் பயத்தாலும், அறுவடை முடிந்த பின்னும் வராமல் நின்றுவிடுகின்றனர். உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் தண்டனையையும் 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

கைவிட்ட தலைமை உபாத்தியாயர், “இந்த ஊர் ஜனங்களே இப்படித்தான்” என்று கூறி, வந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி, பதிவேட்டை மூடி வைக்கிறார். இவர் கடுமையற்றவராதலால் இவர்மீது ஊராருக்குக் குறை எதுவும் தோன்றுவதில்லை. பிள்ளைகளுக்கு இவரால் நேரும் நஷ்டமோ முன்னவரால் நேர்வதற்குக் குறைந்ததன்று.

ஜனநாயகத் தலைமை உபாத்தியாயர் முதலில் வகுப்பிலுள்ள பிள்ளைகளையே விசாரிக்கிறார். இன்னின்னார் இன்னின்ன நிலத்தில் வேலை செய்கின்றனர். இருவர் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலிருக்கின்றனர் என்ற செய்தி வெளிவருகிறது. மாலையில் உபாத்தியாயர்கள் கூடிப் பேசுகின்றனர். பெற்றோர் சிலரையும் அழைக்கின்றனர். நிலத்துக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரோடு யார் பேசுவது, தவறிய பாடங்களை யார் எந்த நேரத்தில் சொல்லிக் கொடுப்பது, கைக்குழந்தைகளை அங்கன்வாடியில் விட ஏற்பாடு செய்வது யார் என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் குறிக்கப்படுகின்றனர். ஒரு வாரம் கழித்து மீண்டும் கூடிப் பலனைப் பார்க்கின்றனர்.

இவர் தமது அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கூட்டத்தைக் கூட்டியவர், முடிவை எழுதி வைத்தவர், மறுவாரம் கணக்குக் கேட்டவர் எல்லாம் இவரே. எல்லாரையும் கேட்பது ஜனநாயகத் தலைமையின் பாதி; கேட்டபின் காரியத்தை முடித்து வைப்பது மற்றப் பாதி. முதற்பாதியோடு நின்றுவிடும் பள்ளியில் கூட்டம் பெருகும், வேலை நடவாது.

ஆளுக்கும் சமயத்துக்கும் ஏற்ற தலைமை

எல்லாச் சமயத்துக்கும் ஒரே வகைத் தலைமை பொருந்துமா என்ற கேள்வி இயல்பாக எழும். 1969-ல் ஹெர்சி, பிளான்சர்டு என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள், தலைமையின் வகை வேலை செய்பவரின் பக்குவத்தைப் பொறுத்து மாற வேண்டும் என்று கூறினர். வேலைக்குப் புதியவருக்கு விவரமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஓரளவு பழகியவருக்குக் காரணத்தை விளக்கி ஊக்கமளிக்க வேண்டும். திறமை பெற்றும் தயங்குபவரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும். திறமையும் பொறுப்பும் நிறைந்தவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும்.

நமது சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவுக்குப் பேரேடு எழுதும் முறையை வரி வரியாகக் காட்டுகிறோம். இருபது வருஷம் பழகியவருக்கு அப்படிக் காட்டினால் அவர் மனம் நோவார். பள்ளியிலும் அவ்வாறே. இந்த ஆண்டு நியமனம் பெற்ற இளம் உபாத்தியாயரைத் தனியே விட்டுவிடுவது சுதந்திரம் ஆகாது. அது அவரைக் கைவிடுவதாகும். அநுபவம் முதிர்ந்த உபாத்தியாயினியிடம் அற்ப விஷயத்துக்கெல்லாம் விளக்கம் கேட்பது மேற்பார்வை ஆகாது. அது அவருடைய ஊக்கத்தைக் கொல்வதாகும். வெள்ளம் வந்தாலும் தீப்பற்றினாலும் வாக்கெடுத்துக்கொண்டிராமல் உத்தரவிட வேண்டியதுதான். ஆபத்துக் காலத்து முறையை ஆண்டு முழுவதும் நீட்டிப்பதே பிழை.

இவ்வகை வேற்றுமைகளுக்கு அடியில் மனிதர்களைப் பற்றிய நமது நம்பிக்கை ஒன்று மறைந்திருக்கிறது. 1960-ல் டக்ளஸ் மக்கிரிகர் என்பவர் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். மனிதர் இயல்பாகவே வேலைக்கு அஞ்சுபவர், ஆகையால் விரட்டினாலன்றி வேலை செய்யார் என்பது ஒன்று. தக்க சூழ்நிலை கிடைத்தால் மனிதர் பொறுப்பைத் தாமே தேடி ஏற்பர் என்பது மற்றொன்று. அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்று விதி செய்துகொண்ட கூட்டுறவாளர்கள் எந்த நம்பிக்கையைச் சார்ந்தவர்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்தில் ஒரு நம்பிக்கையும் பள்ளியில் அதற்கு மாறானதுமாக நாம் நடப்பது பொருந்துமா?

சட்டாம்பிள்ளையின் கதை

பொறுப்பைப் பிள்ளைகளுக்கும் பகிர்ந்தளிப்பது மேனாட்டுப் புதுமை என்று எவரும் எண்ண வேண்டாம். நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணாக்கன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்து வந்தான். 1789-ல் சென்னை எழும்பூரில் ஏற்பட்ட ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார் மேற்பார்வையாளராக இருந்தார். நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த விரும்பினார். உதவி உபாத்தியாயர்கள் இணங்கவில்லை. உடனே அவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் அதைத் திறம்பட நடத்தினான். பெல் தாய்நாடு திரும்பி 1797-ல் இம்முறையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். “சென்னை முறை” என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஸ்காத்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் நிதியால் ஏற்பட்ட பள்ளி இன்றும் சென்னையின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இக்கதையின் மறுபுறத்தையும் மறைக்கலாகாது. ஓர் உபாத்தியாயரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடக்கும் மலிவான யந்திரமாக இம்முறை பிற்காலத்தில் மாறிற்று. சட்டாம்பிள்ளைகள் யோசிக்கக் கற்பிக்கவில்லை, ஒப்புவிக்கச் செய்தனர். நமது ஊரிலும் சட்டாம்பிள்ளை என்ற சொல் பிரம்பையும் கோள் சொல்வதையும் நினைவூட்டும் சொல்லாயிற்று. ஏன் இவ்வாறு நேர்ந்தது? வேலையை மட்டும் பகிர்ந்தளித்து, யோசிக்கும் உரிமையைப் பகிர்ந்தளிக்காமற் போனதால்தான். தலைமையைப் பகிர்வதாகச் சொல்லி வேலைச் சுமையை மட்டும் பகிரும் எந்த ஏற்பாட்டுக்கும் இக்கதி நேரும்.

முதல் மாணாக்கராகிய தலைமை உபாத்தியாயர்

1978-ல் ஜேம்ஸ் மக்கிரிகர் பர்ன்ஸ் என்பவர் தலைமையைக் கொடுக்கல் வாங்கல் முறை என்றும், மனமாற்றம் விளைவிக்கும் முறை என்றும் இருவகையாகப் பிரித்தார். “வேலை செய், சலுகை தருகிறேன்” என்பது முதலாவது. பின்பற்றுவோரின் நோக்கத்தையே உயர்த்துவது இரண்டாவது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1970-ல், ராபர்ட் கிரீன்லீப் என்பவர், தொண்டு செய்ய விரும்புபவரே நல்ல தலைவராக முடியும் என்று எழுதினார். திருவண்ணாமலை வாசிகளுக்கு இது புதிய செய்தியன்று. ரமண மகரிஷிகள் விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையலறையில் மற்றவர்களோடு அமர்ந்து காய்கறி நறுக்கியதை இவ்வூர் நன்கு அறியும்.

எனினும் பள்ளியைப் பொறுத்தவரை நல்லெண்ணமும் எளிமையும் மட்டும் போதுமா? 2008-ல் நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சன் என்ற பேராசிரியையும் அவர் சகாக்களும், தலைமைக்கும் மாணாக்கர் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். பொதுவாக உற்சாகமூட்டும் தலைமையைவிட, கற்பித்தலிலேயே கவனம் செலுத்தும் தலைமையால் பிள்ளைகளுக்குப் பன்மடங்கு பயன் விளைவதாகக் கண்டனர். அதிலும் சிறந்தது, உபாத்தியாயர்கள் கற்பதை ஊக்குவித்து, தாமும் அவர்களோடு அமர்ந்து கற்பது.

இதன் கருத்து யாதெனில், தலைமை உபாத்தியாயரின் முக்கிய ஸ்தானம் அலுவல் அறையன்று, வகுப்பறை. சுவர் வெளுப்பதும் விழா எடுப்பதும் நல்லனவே. ஆனால் மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சரளமாக வாசிக்கின்றனர், வாசிக்க முடியாதவர்களுக்கு எந்த முறை பலித்தது என்று சக உபாத்தியாயர்களோடு வாரந்தோறும் பேசுபவரே மெய்யான தலைவர். விளம்பரப் பலகையை வைத்துப் பள்ளியை மதிப்பிடும் பழக்கத்தை ஊராராகிய நாமும் விட்டொழிக்க வேண்டும்.

நம் நாட்டு அநுபவம்

ஊராரின் பங்கைப் பற்றி நமது மாநிலத்திலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1954 முதல் காமராஜர் முதன்மந்திரியாக இருந்த காலத்தில், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகப் பணியாற்றினார். பசித்த வயிற்றோடு பிள்ளை படிக்க இயலாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. மதிய உணவு ஏற்பாடு ஆரம்பத்தில் ஊராரின் நன்கொடையையும் உழைப்பையும் பெரிதும் சார்ந்திருந்தது. பின்னர் அரசாங்கம் செலவில் பெரும்பங்கை ஏற்றபோதும் ஒரு பங்கு ஊராருடையதாகவே இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஜனங்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பெஞ்சு, மணி, கரும்பலகை, கட்டடம், நிலம் முதலியவற்றை மனமுவந்து அளித்தனர். உபாத்தியாயர்கள் வீடு வீடாகச் சென்று கேட்டனர். ஊரார் தம் பள்ளி என்று எண்ணிக் கொடுத்தனர்.

அக்காலத்தில் ஊரார் பொருள் கொடுத்தனர். இன்று சட்டம் அவர்களுக்கு யோசனை கூறும் இடத்தையும் மேற்பார்க்கும் இடத்தையும் கொடுத்திருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். அங்கத்தினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் தொகைக்கேற்ற இடம் உண்டு. பள்ளி நடக்கும் முறையைக் கவனிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்துச் சிபாரிசு செய்வது, வரும் மானியம் தக்கபடி செலவாகிறதா என்று பார்ப்பது ஆகியவை இக்குழுவின் கடமைகள். பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளையின் வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவிப்பது உபாத்தியாயரின் கடமை என்றும் அச்சட்டமே கூறுகிறது. தமிழ்நாட்டில் 2022-ல் இக்குழுக்கள் மாநிலமெங்கும் மாற்றியமைக்கப்பட்டன. 2024-ல் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணாக்கர்களுக்கும் இடம் தரப்பட்டது.

தலைமை உபாத்தியாயருக்கு மாற்றல் உத்தரவு வரலாம். குழு ஊரிலேயே இருக்கும். ஆதலால் பள்ளியின் நினைவையும் திட்டத்தையும் காப்பாற்றக்கூடியது இக்குழுவே. அம்மன் தேரின் வடத்தைப் பெண்கள் பிடிக்கும் இந்த ஊரில், குழுவின் பெண் அங்கத்தினர்களைக் கையெழுத்துக்காக மட்டும் அழைப்பது நமக்கு அழகன்று.

சங்க அங்கத்தினர் அளிக்கக்கூடிய உதவி

கூட்டத்துக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்தல், விஷயங்களை வரிசைப்படுத்தல், தீர்மானத்தை எழுதிப் படித்துக் காட்டிய பின்பே கையொப்பமிடல், வரவுசெலவைப் பகிரங்கமாக வைத்தல் ஆகியவை நமக்குப் பழகிப்போன காரியங்கள். புதிதாகக் குழுவில் சேர்ந்த பெற்றோருக்கு இவை புதியவை. எழுதாத தாளில் கையொப்பமிட்டதால் சங்கங்களுக்கு நேரும் கேட்டை அறிந்த நாம், அப்பிழை பள்ளியில் நேராதபடி தடுக்கலாம். அதற்கான வழிகள் சில:

1. நமது அங்கத்தினரில் யார் யார் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கின்றனர் என்று குறித்துக்கொண்டு, தீர்மானப் புத்தகம் எழுதும் முறையை மற்றப் பெற்றோருக்கும் அவர்கள் மூலம் கற்பித்தல்.

2. குழுக் கூட்டங்கள் கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார் வரக்கூடிய நேரத்தில் நடைபெற ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்ளுதல்.

3. கட்டடம், குழாய், கழிப்பிடம் ஆகியவற்றோடு நில்லாமல், ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிப்பையும் கணக்கையும் பற்றி ஒரு கேள்வியேனும் எழுப்புதல்.

4. துணைவிதிகள் இடந்தரின், சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து பள்ளி நூலகத்துக்கு ஆண்டுதோறும் சிறு தொகை அளித்தல்.

5. மேல் வகுப்புப் பிள்ளைகளைச் சங்கத்தின் மகாசபைக்குப் பார்வையாளராக அழைத்து, வாக்கெடுப்பும் கணக்குச் சமர்ப்பித்தலும் நடக்கும் விதத்தை நேரில் காணச் செய்தல்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. குழு அங்கத்தினர் தம்மை உபாத்தியாயருக்கு மேலதிகாரியாக எண்ணிக்கொண்டு வகுப்பறை வாசலில் நின்று அதட்டத் தொடங்கினால், பழைய அதிகாரத் தலைமை வேறு உருவத்தில் திரும்பி வந்ததாகவே முடியும். எப்படிக் கற்பிப்பது என்பது உபாத்தியாயரின் வித்தை. பிள்ளை கற்றதா என்று கேட்பதே நமது உரிமை.

ஆலோசனைக்குரிய வினாக்கள்

அடுத்த சங்கக் கூட்டத்தில் இப்பாடத்தைப் படித்தபின் கீழ்க்கண்ட வினாக்களைப் பற்றி அங்கத்தினர்கள் பேசுவது பயன் தரும்.

நமது தலைமை உபாத்தியாயர் ஒரு மாதம் விடுமுறையில் சென்றால் பள்ளியில் எந்தெந்த வேலைகள் நின்றுபோகும்? அவற்றை வேறு யார் கற்றுக்கொள்ளலாம்?

சென்ற மூன்று குழுக் கூட்டங்களில் பெண் அங்கத்தினர் எழுப்பிய விஷயங்கள் எவை? அவற்றுள் தீர்மானமானவை எத்தனை?

நமது பிள்ளைகளுக்குப் பள்ளியில் தாமே முடிவு செய்யக்கூடிய காரியம் ஒன்றேனும் உண்டா?

நமது சங்கத்தின் காரியதரிசி வெளியூர் சென்றால் சங்கத்தின் வேலை நடக்கிறதா?

கடைசி வினாவுக்கு நேர்மையாக விடையளிக்கக்கூடிய சங்கமே மற்ற மூன்றையும் பள்ளியில் கேட்கும் தகுதியுடையது. தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும், முட்டுக்கட்டை பிடித்தவர் யார் என்று எவரும் விசாரிப்பதில்லை. வடம் பிடித்த ஒவ்வொருவரும் நாமே இழுத்தோம் என்று மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர். பள்ளியிலும் பிள்ளைகள், பெற்றோர், உபாத்தியாயர்கள் ஆகிய எல்லாரும் அவ்வாறு எண்ணும் நாள் வரும்படி செய்வதே தலைமை உபாத்தியாயரின் கடமை. அதற்குத் துணை நிற்பது நமது கடமை.